இரு முனையும் ஒரே பெட்டியில்

13.10.2005, வியாழன். உத்தமபாளையம்.

ஆயுத பூஜைக்கு நம் பிரவுசிங் சென்டரைத் துடைத்தபோது, எல்லா கம்ப்யூட்டரையும் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியிலிருந்து வந்த ஒரு கேபிளின் மறுமுனை தரையில் கிடந்தது. பூஜை நாளில் அலங்கோலமாக இருக்கிறதே என்று, அதே பெட்டியில் காலியாக இருந்த ஓட்டையில் செருகிவிட்டேன். பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தை இரண்டு முறை எழுதியவன் மூளை அவ்வளவுதான் ஓடும்.

பூஜை லீவு முடிந்து இன்று கடை திறந்தால் எட்டு கம்ப்யூட்டரிலும் நெட் இல்லை. மூன்று மணிக்கு நர்ஸ் பாத்திமா நோன்போடு வந்தாள். "அஞ்சு மணிக்குள்ள சவூதி வேலைக்கு விண்ணப்பம் அனுப்பணும்ணே. விட்டாப் போச்சு."

கடைக்கு நெட்டைப் பிரித்துத் தரும் லினக்ஸ் சர்வரை அமைத்துத் தந்தவள் சென்னையில் இருக்கும் என் மகள்; அவளைப் போனில் பிடித்தேன். சர்வரிலிருந்து வெளியே பிங் அடித்து, பதில் வருகிறதா என்று பார்க்கச் சொன்னாள். வெளியிலிருந்து ஒழுங்காகப் பதில் வந்தது.

"அப்ப லைன் நல்லாருக்கு, கோளாறு கடைக்குள்ளதான். சுவிட்ச்சுல லைட்டு எப்படிப்பா எரியுது?"

"எல்லாம் ஒண்ணாச் சேந்து மினுக்குது ஆத்தா. திருவிழா சீரியல் பல்பு தோத்துச்சு."

"ஏதாச்சும் செருகுனீகளா?"

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "போறதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளயே சுத்திச் சுத்தி வருதுப்பா. பிடுங்குங்க முதல்ல!"

பிடுங்கினேன். நெட் வந்தது. நாலே முக்காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

"என்னண்ணே கோளாறு?"

"சென்னைப் பக்கம் லைன்ல என்னமோ கோளாறாம்மா."

"நீங்க இல்லாட்டி என் கதி என்னாயிருக்கும்ணே" என்று சொல்லிப் போனாள். கூசாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். அவளுக்கு வேலை கிடைக்கட்டும், அப்புறம் உண்மையைச் சொல்லிவிடலாம். கிடைக்காவிட்டால்... தூக்கத்தில் கண் சொருகுகிறது.