தும்பி காரின் முதல் ஓட்டம்

அன்புள்ள அத்தை,

நேற்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வேர்க்கடலையைத் தின்று முடித்துப் பொட்டலத் தாளை விரித்தேன். உங்கள் டைப்ரைட்டர் எழுத்து. ‘ழ’ மட்டும் வரிசையை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கி நிற்குமே, அதே எழுத்து. “தும்பி காரின் டிக்கியில் காலையில் மாங்காய் வைத்தால், பெங்களூர் சேர்வதற்குள் பழமாகிவிடும்” என்று இருந்தது. எண்ணெய் பட்டுப் பாதித் தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. படித்துக்கொண்டே நின்றதில் என் பஸ் போய்விட்டது.

நீங்கள் வேலை பார்த்த மூவெல்லை மோட்டார்ஸைப் பற்றி எங்கள் பள்ளியில் யாரிடம் சொன்னாலும் நான் கதை விடுகிறேன் என்றுதான் நினைப்பார்கள். தொழிற்பேட்டையின் கடைசியில் ஒரு தகர ஷெட். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த ஒருவர், நம் ஆட்களுக்கென்று ஒரு கார் செய்யவேண்டும் என்று ஆரம்பித்த கம்பெனி. அந்தக் கார்தான் தும்பி. “சீமைக்காரன் காருல பாக்கு எச்சி துப்ப எடம் இருக்குதா? மாமியா மருமக சண்டை அவனுக்குத் தெரியுமா?” என்று முதலாளி கேட்பாராம். கேட்டுவிட்டு ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்வார். மெக்கானிக் அன்வர் பாய் செய்வார். நீங்கள் அதற்கு விளக்கம் டைப் செய்வீர்கள்.

மாட்டுக்கு ஒரு ஹாரன், மனிதருக்கு ஒரு ஹாரன் என்று இரண்டு வைத்தார்கள். மாட்டு ஹாரனை அடித்தால் மனிதர்கள் ஒதுங்கினார்கள், மாடு திரும்பிப் பார்த்தது. பழுக்கவைக்கும் டிக்கியைச் சோதிக்க அன்வர் பாய் கிருஷ்ணகிரி வரை போய்வந்தார். இன்ஜின் சூட்டைக் குழாய் வழியே டிக்கிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பக்கத்து மாங்காய் வெந்துவிட்டது, இன்னொரு பக்கம் காயாகவே இருந்தது. வரும் வழியெல்லாம் தேனீக்கள் கூடவே வந்தனவாம்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லும்போது கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பீர்கள். ஷெட்டில் மட்டும் உங்கள் முகம் அசையாது. ஒருமுறை நான் முதலாளி எதிரிலேயே சிரித்துவிட்டேன். வெளியே அழைத்து வந்து சொன்னீர்கள்: “சிரிக்கலாம்டி. அவரு எதிர்ல வேணாம். இப்படியெல்லாம் நெனைச்சுப் பாக்கறதுக்கே ஒரு ஆள் வேணும்ல.”

உங்களுக்கு அந்த ஷெட் எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்போதே கொஞ்சம் தெரியும். எங்கள் வீட்டில் உட்கார்ந்தால் வருகிறவர் போகிறவர் எல்லோரும் உங்களுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பார்கள். ஷெட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் தலையை வாரிக்கொண்டே சொன்னீர்கள். “பெங்களூரு ஏஜெண்ட் இன்னிக்கு வண்டியப் பாக்க வர்றாரு. அவரு வேணாம்னு போயிட்டா ஷெட்டுக்குப் பூட்டுதான். நானும் உங்க வீட்டுக் கூடத்துல உக்காந்து எல்லாருக்கும் பதில் சொல்லிக்கினு இருக்கணும்.” நான் எட்டாம் வகுப்பு. என்னையும் கூட்டிப்போனீர்கள், ஏனென்றால் தும்பியில் காட்டவேண்டிய ஒரு வசதிக்கு உறவுக்காரர்கள் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள் ஒரே வண்டியில் கல்யாணத்துக்குப் போக நேர்ந்தால், பின்சீட்டின் நடுவே ஒரு கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம். “அத்தையும் மருமகளும் பேசாதவங்க மாதிரி உக்காருங்க, டைப்பிஸ்ட்டம்மா. மூஞ்சிய இன்னும் கொஞ்சம் தூக்கி வையுங்க” என்றார் முதலாளி.

அன்று அமாவாசை. நல்ல நாள் என்று முதலாளியே பார்த்துவைத்தது. ஏஜெண்ட் வந்து இறங்கியதும் முகம் சுருங்கிவிட்டது. “என்ன சார், அமாவாசையில போய் யாராவது புது வண்டி எடுப்பாங்களா?”

“எங்க பக்கம் அதான் சார் எடுப்பாங்க.”

“எங்க பக்கம் வீட்டை விட்டே கெளம்ப மாட்டாங்க.”

இரண்டு பேரின் பக்கத்துக்கும் நடுவே ஒரு சோதனைச்சாவடிதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கண்ணாடி ஏறியிருந்ததால் உங்களிடம் சொல்ல முடியவில்லை.

முதலாளிக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு, எலுமிச்சம்பழக் குழாய். புது வண்டிக்கு யாராவது குனிந்து சக்கரத்துக்கடியில் பழம் வைக்கவேண்டுமே, அந்தச் சிரமம் எதற்கு என்று, ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் ஒரு தகரக் குழாய் வைத்து, குங்குமம் தடவிய பழங்களை அதில் அடுக்கியிருந்தார்கள். தனி லீவர் வைத்தால் அழகு கெடும் என்று அதை ஹேண்ட் பிரேக் கம்பியோடு சேர்த்துவிட்டார் அன்வர் பாய். இழுத்தால் நாலு பழம் விழும். ஷெட் வாசலில் விழுந்தது. வண்டி ஏறி நசுக்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். ஏஜெண்ட் கூடக் கொஞ்சம் சிரித்தார். போகிற வழியில் வண்டியை நிறுத்தினாலும் பழம் விழும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

ஏஜெண்டுக்கு ஓட்டிக்காட்டப் பெங்களூர் ரோட்டில் போனோம். ஜூஜூவாடி தாண்டி எல்லையில், சாவடி முன்னால் நடுரோட்டில் வண்டி நின்றது. அன்வர் பாய் பழக்கத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். காகிதத்தைப் பார்க்கவேண்டும், வண்டியைப் பின்னால் எடுத்து ஓரம் கட்டு என்றார் கான்ஸ்டபிள். அன்வர் பாய் வளைத்துப் பின்னால் எடுத்தார். இந்த முறை பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். ஆனால் ரோட்டில் நாலு எலுமிச்சம்பழம், குங்குமத்தோடு, ஒன்றுகூட நசுங்காமல், யாரோ அளந்து வைத்ததுபோல நாலு மூலையில் இருந்தன. அதுவும் அமாவாசையில்.

பின்னால் வந்த லாரி நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்தார், திரும்பிப்போய் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பின்னால் கம்பெனி பஸ் ஒன்று, இன்னொரு லாரி, தளி ஊரிலிருந்து தக்காளிக் கூடை ஏற்றிவந்த வண்டி. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டார்கள்: யார் எடுப்பது. கான்ஸ்டபிள் லத்தியை நீட்டி நீட்டிக் காட்டினாரே தவிர, லத்தி பழத்தைத் தொடவில்லை.

முதலாளி ஓடிப்போய் விளக்கினார். “அது ஒண்ணும் இல்லைங்க, நான்தான் போட்டது. லீவர்ல விழுந்துச்சு.”

“நீதான் போட்டேன்னு நீயே சொல்றியா?” என்று லாரி டிரைவர் எழுந்தார். பஸ்ஸிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். ஒருவர் முதலாளியின் சட்டையைப் பிடித்தார்.

“அப்ப நீங்களே எடுங்க” என்றார் இன்னொருவர். முதலாளி இரண்டடி போனார். குனிந்தார். கை போகவில்லை, அத்தை. தன் ஷெட்டில், தன் குழாயில், தானே குங்குமம் தடவிய பழம். தரையில் விழுந்த பிறகு அது வேறு ஏதோ ஆகிவிட்டது. அன்வர் பாயைப் பார்த்தார். “என்னைப் பாக்காதீங்க முதலாளி. எங்க வூட்டம்மா இதைத் தாண்டிப் போனாலே என்னை உள்ள வுடாது” என்றார் அவர். ஏஜெண்ட் தன் பையை எடுத்துக்கொண்டு பெங்களூர் பஸ் வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் உங்கள் பக்கத்துக் கதவு திறந்தது.

நீங்கள் நடந்துபோனபோது கூட்டம் விலகியது. “முட்டபேடம்மா” என்று ஒரு பெரியவர் கன்னடத்தில் தடுத்தார். தொடவேண்டாம் என்று அவர் சொன்னது நிஜமான கவலையோடுதான். இன்னொரு குரல், “கழுத்துல ஒண்ணும் இல்ல பாரு. அந்தம்மாவுக்கு என்னா போவப்போவுது” என்றது. அது உங்கள் காதில் விழுந்தது என்பதை உங்கள் நடையில் பார்த்தேன். நீங்கள் குனிந்து ஒவ்வொன்றாக நாலையும் எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டீர்கள். லாரி டிரைவர் மெதுவாகக் கேட்டார், “பயமா இல்லியாம்மா?”

“பயமாத்தான் இருக்குது. எல்லா வண்டியும் நிக்குதே” என்றீர்கள்.

சாவடி ஓரக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு திரும்பிவந்து உட்கார்ந்தீர்கள். பழத்தை அன்வர் பாய் தொடமாட்டார் என்று தெரிந்து, நீங்களே சீட்டுக்கடியில் போட்டீர்கள். அவர் குறடு எடுத்துக் குழாய்க் கம்பியை வெட்டிவிட்டார். ரோடு திறந்துவிட்டது. ஷெட்டுக்கே திரும்பிவிடலாம் என்றார் முதலாளி. பஸ்ஸுக்காக வெயிலில் நிற்பானேன் என்று ஏஜெண்டும் ஏறிக்கொண்டார்.

திரும்பும்போது கண்ணாடியை இறக்கச் சொல்லித் தட்டினேன். நீங்கள் தலையாட்டி மறுத்தீர்கள். உங்கள் வலது கை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி இருந்தது, ஷெட் வரும்வரை. ஈரம் காய்வதற்காக என்று முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது. அந்தக் கையில் ஏதாவது ஒட்டியிருந்தால் அது என்மேல் வரக்கூடாது. அதற்காகத்தான் கண்ணாடியும்.

முன்னால் இருந்த ஏஜெண்ட் திரும்பி எங்கள் இரண்டு பேரையும் வெகுநேரம் பார்த்தார். நான் தட்டுகிறேன், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். “இது நல்லா வேலை செய்யுது சார். எங்க வீட்டுக்கே ஒண்ணு வேணும்” என்றார். எலுமிச்சம்பழம் வேண்டாம், ஹாரன் ஒன்று போதும், கண்ணாடி மட்டும் கட்டாயம் இருக்கட்டும் என்று சொல்லித்தான் ஏஜென்சி எடுத்தார். ஷெட் பிழைத்தது. அப்புறம் நீங்கள் இருந்தவரை ஒருநாளும் அதைப் பூட்டவில்லை.

தை மாதம் உங்கள் காரியத்தன்று கூடத்தில் பெரியம்மா சொன்னார்: “அன்னிக்கு அந்தப் பழத்தத் தொடாம இருந்திருந்தா இன்னிக்கு இருந்திருப்பா. எதுக்கும் பயப்படாத திமிரு.” கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். சிறு வயதில் வந்த காய்ச்சலில் உங்கள் இதயத்தின் வால்வு பழுதாகிவிட்டது என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அதைச் சொன்னேன். அந்தக் காய்ச்சல் பழத்துக்கு ரொம்ப வருஷம் முன்னாலேயே வந்தது என்றும் சொன்னேன். “படிக்கிற பொண்ணு, பேசறா” என்றார் பெரியம்மா. அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் திமிர் என்ற சொல்லை விட்டுவிட என்னால் முடியவில்லை.

“அத்தைக்குப் பயம் இருந்துச்சு பெரியம்மா. வழியெல்லாம் கைய வெளியவே வெச்சிருந்தாங்க, என்மேல படக்கூடாதுன்னு” என்றேன்.

பெரியம்மா “எங்கிட்ட சொல்லவேயில்லையே அவ” என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது, அத்தை. போன வாரம் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிப்புக்கு மனு கொடுக்க அப்பாவோடு போனேன். வரிசையில் பெண் நான் மட்டும். முன்னால் நின்ற ஒருவர் திரும்பி, “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா மோட்டாரு? கிரீஸு, அழுக்கு, பயமா இல்லியா?” என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. புத்தகத்தில் படித்த நல்ல பதில்கள் எத்தனையோ எனக்குத் தெரியும்.

“இருக்குதுங்க” என்றேன். வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

உங்கள் மருமகள்