சுடாத பூக்குழி

தமிழ்மதி அம்மாவுக்கு,

போனில் சொன்னால் பச்சை உடம்புக்காரி மகள் காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

இந்த வருடம் கோயில் பூக்குழியில் இறங்கியபோது நெருப்பு எனக்குச் சுடவே இல்லை. "ஆத்தா ஒங்காலத் தாங்கிட்டாப்பா" என்று பங்காளிகள் என்னைக் கும்பிட்டார்கள். எனக்கும் பெருமைதான்.

மறுநாள் பார்த்தால் பாதமெல்லாம் கொப்புளம். அதுவும் வலிக்கவில்லை. விரதத்துக்காகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினேனா என்று நீ ஆரம்பிக்காதே. மஞ்சள் பூசியிருக்கிறேன், ஆறிவிடும். பேரனை விட்டுவிட்டு வர வேண்டாம்.

இன்று மல்லிகைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், இடது காலில் செருப்பைக் காணோம். வழியில் கழன்று விழுந்தது தெரியாமலே நடந்து வந்திருக்கிறேன். தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தபடியே திரும்பினேன்.

பூக்குழி முடிந்து நாளாகிவிட்டது. ஆத்தா இன்னுமா என் காலைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள்? கடிதம் கண்டதும் நீ புறப்பட்டு வா.

உன் வீட்டுக்காரன்