பால் பாக்கெட்டின் மூலை

ஜூன் 3, மாடம்பாக்கம்

முத்தாலம்மாளைத் திருடி ஆக்கியது எங்கள் அபார்ட்மெண்ட்தான். படிக்கட்டு பெருக்குகிறவர். கதவுக் கைப்பிடியில் மாட்டிவைக்கும் பைகளிலிருந்து பால் பாக்கெட் காணாமல் போகிறது, காலையில் முதலில் வருவது அவர் – இது போதும் இவர்களுக்கு. செகரட்டரி கோபு சார் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

"இன்னா சார், பால் குடிக்கிற வயசா எனக்கு?"

யாரும் சிரிக்கவில்லை.

ஜூன் 5

முத்தாலம்மாள் வந்தால் எதிர்வீட்டு மிருதுளா அக்கா கிரில்லைப் பூட்டுகிறார். சாயங்காலத்துக்குள் மேல்மாடியிலும் பூட்டு. கூடிப் பேசி எடுத்த முடிவில்லை.

ஜூன் 6

அம்மாவும் பூட்டிவிட்டாள். நம் வீட்டில் தினம் டீ குடிக்கிறவங்கம்மா என்றேன்.

"எல்லாரும் பூட்டுறாங்க, சோயா. நாம மட்டும் திறந்து வெச்சா என்ன நினைப்பாங்க?"

ஜூன் 9

வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

ஜூன் 12

இன்றும் பால் போனது. இப்போது யாரைச் சொல்வார்கள்?

ஜூன் 13

விடியும்போது கிரில்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். காது கிழிந்த பெண் குரங்கு ஒன்று வந்தது. பையைக் கழற்றி, பாக்கெட்டின் மூலையைக் கடித்துத் துப்பி, உறிஞ்சியது. குட்டிகள் இரண்டு அதன் வாயருகே மூக்கை நீட்டி முகர்ந்தன. ஒன்று காலி பாக்கெட்டை எடுத்து அதே மூலையைக் கடித்துப் பார்த்தது. பெரியது சொல்லித்தரவில்லை. விரட்டவுமில்லை. போனில் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 14

வீடியோ பார்த்து கோபு சார் சிரித்தார். "கில்லாடிம்மா நீ!" குரங்கு பிடிக்க ஆள் சொல்லிவிட்டாராம்.

முத்தாலம்மாள்?

"அதான் பெருக்க ஏஜென்சி ஆள் போட்டாச்சேம்மா."

அவ்வளவுதானா? என்ன மனுஷங்க இவங்க?

ஜூன் 20

காது கிழிந்த குரங்கைக் கூண்டில் ஏற்றிப்போனார்கள். அபார்ட்மெண்டே கை தட்டியது.

ஜூன் 22

பால் போனது. குட்டிகள்தான்.

ஜூன் 24

சேலையூர் பஸ் ஸ்டாப்பில் முத்தாலம்மாள். இன்னும் வேலை கிடைக்கவில்லை. குரங்கு விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு கேட்ல வேணாம்னான். அத்தப் பாத்து பக்கத்து கேட்டும் வேணான்றான், பாப்பா. குரங்குன்னு நீ சொன்னா ஆச்சா? திருடின்னு சொன்னவங்க வந்து சொல்லட்டும்."

ஜூன் 25

சமையலறையில் அம்மாவிடம் சொன்னேன்: "ஒரு வீடு முதல்ல போனாதான் மத்தவங்க பார்த்துட்டு வருவாங்க. நாளைக்கு நீ வா. அவங்க தெருவுல, நாலு பேர் கேக்க, தப்பு எங்களதுன்னு சொல்லு. வருவியா, மாட்டியா?"

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கிக்கொண்டே இருந்தாள்.