அப்பாவின் ஆம்ப்ளிபயர் புகைந்த கதை

கங்கா,

கதவைத் திறந்ததும் கருகிய வாடை அடித்திருக்கும். கருகியது சமையல் இல்லை. நெத்திலி சம்பல் நன்றாகத்தான் வந்திருக்கிறது, மேசையில் மூடி வைத்திருக்கிறேன். கருகியது அப்பாவின் ஆம்ப்ளிபயர்.

"தொடாதம்மா, கடைக்குக் கொண்டு போலாம்லா" என்று நேற்று நீ கத்தினாய். நானும் கத்தினேன். காலையில் நீ வேலைக்குக் கிளம்பியதும் அதன் பின்பலகையைக் கழற்றினேன். ஃபியூஸ் போயிருந்தது. முப்பது வருஷமாக அப்பா செய்ததையேதான் செய்தேன்: சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைக் கிழித்து ஃபியூஸில் சுற்றினேன். அவர் சுற்றினால் பாட்டு வரும். நான் சுற்றினேன், புகை வந்தது. உள்ளே டிரான்ஸ்பார்மர் வெந்துவிட்டது போலிருக்கிறது.

அது உனக்கென்று அவர் சொல்லிவைத்தது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நாளை அவருடைய திதி முடியட்டும்.

ஐந்து மணிக்கு இருசப்பன் பெரியப்பா வருவார். "தம்பியோட பொட்டியப் போடு புள்ள" என்பார். கரண்டு இல்லை என்று சொல். மறக்காமல் காற்றாடியை நிறுத்திவிட்டுச் சொல்.

வாழையிலை வாங்க ஈஜோக் சந்தைக்குப் போகிறேன்.

அம்மா

பி.கு.: ஈயத்தாள், நாளை படையலில் அப்பாவுக்கு வைக்க வாங்கிய பெட்டியில் எடுத்தது. அதில் ஒரு சிகரெட் குறையும். புகை அடங்கியதும் வீடு சத்தமே இல்லாமல் கிடந்தது. ஒன்றைப் பற்றவைத்துப் பார்த்தேன். மகா கண்றாவி. இதற்காகவா அந்த மனுஷன் நம்மை விட்டுப் போனார்?