மார்பில் இரட்டைத் துணி

அன்புள்ள தவளைக்கு,

ஊசி எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. மூன்று வாரமாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நாலு தடவை போன் செய்தேன். நாலு தடவையும் உன் அண்ணன்தான் எடுத்தார். "தூங்குறான், அப்புறம் பேசுங்க" என்றார். பகலில் கண் மூடாத ஆள் நீ. என்னோடு பேச உனக்குப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அது நியாயம்தான்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் பெரியவள் நேற்றுக் கணக்குப் பரீட்சை எழுதினாள். சுலபமாக இருந்ததாம், ஆனால் சுலபம் என்று அவள் சொன்னால் எனக்குப் பயம். சின்னவள் உன் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவை இரண்டாக்குகிறாள். நீச்சல் குளத்தில் உன் இடத்துக்குத் தற்காலிகமாக ஒரு மாஸ்டரைப் போட்டிருக்கிறார்கள். அவர் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே நீந்தக் கற்றுக்கொடுக்கிறாராம். பிள்ளைகள் உன்னைத்தான் கேட்கிறார்கள். உன் வேலை உனக்குத்தான் என்று மேனேஜர் என்னிடம் சொன்னார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி இன்று காலை கடைக்கு வந்தாள். நாளைக் காலை பஸ்ஸில் உன்னிடம் திரும்புகிறாள். உனக்கு முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, கை அகலமாக இரண்டு சட்டை வேண்டும் என்றாள். அளவு கேட்டேன். பையிலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொடுத்தாள். நீ தூங்கும்போது வயிற்றைச் சுற்றிப் பிடித்து, முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருக்கிறாள். டேப்பில் வைத்துப் பார்த்தேன். நாற்பத்தாறு அங்குலம். முப்பத்து நாலுக்கு மேல் உனக்கு நான் ஒரு நாளும் வெட்டியதில்லை. "நீர் கோத்துக்கிச்சுண்ணா" என்றாள். நான் நூலைச் சுருட்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

இரண்டு வருஷம் முன்னால் நடந்ததை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. யூனிஃபார்ம் சட்டைக்கு அளவெடுக்க வந்தாய். மார்பைச் சுற்றி டேப்பை இழுத்ததும் வலியில் முகத்தைச் சுளித்தாய். காம்புக்கு அடியில் இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. வாய்க்கொழுப்பு சும்மா இருக்க விடுமா? "என்ன மாப்ளே, உனக்கும் ப்ளவுஸ் மாதிரி டாட்ஸ் பிடிச்சுத் தைக்கணும் போலிருக்கே" என்றேன். ப்ளவுஸ் வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மறுநாளிலிருந்து நீ பனியன் போட்டுக்கொண்டு குளத்தில் இறங்கினாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இருபது வருஷம் வெறும் உடம்போடு தண்ணீரில் கிடந்தவனை ஒரே வார்த்தையில் மூடிக்கொள்ள வைத்தேன்.

அடுத்த வாரம் மதியம், கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தாய். "டாக்டர்கிட்டப் போகக் கூச்சமா இருக்குடா, என் பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லிடாதே" என்றாய். அப்போதே உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை. நான் பெரிய ஆள் மாதிரி, "என்கிட்ட விடு" என்றேன். என்னிடம் ட்ராக் பேண்ட் தைக்கிற ஜிம் மாஸ்டரைக் கேட்டேன். ஆம்பளை உடம்பில் பெண் ஹார்மோன் ஏறிவிட்டால் இப்படி வீங்கும், அதை இறக்க மாத்திரை இருக்கிறது, மூலிகைதான், பக்க விளைவே கிடையாது என்றார். கேட்டதை அப்படியே உன்னிடம் ஒப்பித்தேன். முதல் டப்பாவை நானே வாங்கி, துணியில் சுற்றி, சட்டையோடு சேர்த்துக் கொடுத்தேன். பிறகு நீயே அவரிடம் போனாய். ஒன்று இரண்டானது. அவர் அதோடு ஹார்மோன் மாத்திரை வேறு, டாக்டர் சீட்டே இல்லாமல், அட்டை அட்டையாகக் கொடுத்தார். எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

சும்மா இருந்தேன் என்பதும் பொய். என் பங்குக்கு நானும் உழைத்தேன். உன் சட்டைகளுக்கு மார்பில் உள்பக்கம் இரட்டைத் துணி வைத்தேன். இரண்டு பக்கமும் மூடி வைத்த பாக்கெட். தோளில் கால் அங்குலம் கூட்டி, முன்பக்கம் ஒட்டாமல் விழும்படி வெட்டினேன். எல்லாம் அடர் நிறம். உன்னைப் பார்த்து யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. அந்த வெட்டு எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. காகிதத்தில் வரைந்து ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். இன்று அதைக் கிழித்துப் போட்டேன். உன் உடம்பு எல்லோருக்கும் காட்டப் பார்த்ததை நான்தான் உட்கார்ந்து மறைத்திருக்கிறேன்.

நாலு மாதம் முன்னால் டியூப் லைட் வெளிச்சத்தில் உன் கண் மஞ்சளாகத் தெரிந்தது. கேட்டேன். "குளத்துல குளோரின் ஜாஸ்திடா" என்றாய். குளோரினில் கண் சிவக்கும், மஞ்சளாகாது. இது தெரிய டாக்டருக்குப் படிக்க வேண்டுமா? ஆனாலும் தலையாட்டினேன். அதற்குமேல் கேட்டால் மாத்திரைப் பேச்சு வரும் என்று பயம்.

டாக்டர் சொன்னதைத் தங்கச்சி சொன்னாள். ஆண்களுக்கும் அந்தப் பெண் ஹார்மோன் கொஞ்சம் உண்டாம். ஈரல்தான் அதைக் கழித்து வெளியே தள்ளுமாம். ஈரல் சோர்ந்தால் அது தேங்கி மார்பு வீங்குமாம். அந்த வீக்கமே முதல் எச்சரிக்கையாக இருந்திருக்கலாம் என்கிறாராம். அதற்கு மேல் எதுவோ போய் ஈரலை அடித்திருக்கிறது, அது என்னவென்றுதான் பிடிபடவில்லையாம். தினமும் உன்னிடம் கேட்கிறாராம், ஜிம் மாத்திரை, மூலிகை ஏதாவது சாப்பிட்டாயா என்று. நீ தினமும் இல்லையென்று தலையாட்டுகிறாயாம்.

உனக்கு ஒன்று தெரியுமா? ஊரெல்லாம் நீ திருட்டுத்தனமாகக் குடித்தாய் என்று பேசுகிறார்கள். தங்கச்சியின் சொந்த அண்ணனே அவள் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார். "ஒரு சொட்டு தொடாத மனுஷனைக் குடிகாரன்னு சொல்றாங்கண்ணா, ஆஸ்பத்திரிச் சீட்டுலயும் அப்படி எழுதிடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்று அழுதாள். ஈரல் மாற்ற வேண்டி வரலாமாம். குடிக்கிற ஆள் என்றால் வரிசையில் பெயர் ஏறுவதே கஷ்டமாம்.

போன தடவை வந்தபோதே என்னைக் கேட்டாள், "உங்களுக்குத் தெரியாம அவர் எதுவும் செய்ய மாட்டார், ஏதாவது சாப்பிட்டாரா" என்று. எனக்குத் தெரியாதும்மா என்றேன், அவள் கண்ணைப் பார்த்து. உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் என் பெயர் வெளியே வராமல் காப்பாற்றிக்கொண்டேன்.

இன்று கிளம்பும்போது சாதாரணமாகச் சொன்னாள். உன் ஷேவிங் பையை எடுத்து வரச் சொல்லியிருக்கிறாயாம். ஜிப்பைத் திறக்க வேண்டாம், அப்படியே கொண்டு வா என்றாயாம். "இந்த நிலைமையில தாடி எடுக்கணும்னு ஆசை பாருங்க" என்று சிரித்தாள். நீ அந்த மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒரு தரம் நீயே காட்டினாய். இன்னுமா அதை விழுங்க நினைக்கிறாய்? அவளிடம் சொல்ல வாய் திறந்தேன். சாயங்காலம் சட்டை தயாராகிவிடும் என்று மட்டும்தான் வந்தது.

அதனால் இப்படிச் செய்கிறேன். இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. சட்டைகளோடு அவள் கையில் கொடுத்து, முதலில் அவளையே படிக்கச் சொல்லப் போகிறேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன் மாப்ளே. நீ என்னோடு காலத்துக்கும் பேசாமல் இரு. இருந்து பேசாமல் இரு, அது போதும்.

தங்கச்சி, இனி உனக்குத்தான் எழுதுகிறேன். வீட்டுக்குப் போனதும் அந்தப் பையைத் திற. உள்ளே இருக்கும் டப்பா, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் டாக்டர் கையில் கொடு. அதற்குப் பிறகு இந்தக் கடிதத்தை அவனிடம் கொடு. அவன் வெட்கப்படுவான், திட்டாதே. குடிகாரன் என்று சொன்னவர்களுக்கு இதைப் படித்துக் காட்டு, என் பெயரை விட்டுவிடாதே. டாக்டர் கூப்பிட்டால் எந்த நேரமானாலும் வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். பிள்ளைகளை என் வீட்டில் விட்டுவிட்டுப் போ என்று சொல்ல ஆசை. என்னை நம்பி விடுவாயா என்று தெரியவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி வர வேண்டும்.

உன் அண்ணன் என்று கையெழுத்துப் போட உரிமை இல்லாத
தையல்காரன்