உடையப்பனின் கைமெஷின்

ஈப்போ
1927 செப்டம்பர் 4, ஞாயிறு, காலை மணி ஒன்பதரை

தங்கை பாக்கியத்துக்கு,

நீ தைத்து அனுப்பிய கைக்குட்டைகள் மூன்று வந்தன. மூன்றும் குப்பை. க்ஷேமம் விசாரிப்பதெல்லாம் அப்பாவுக்கு எழுதும் தாளில் இருக்கிறது. இங்கே வேலையைப் பேசுவோம்.

நான் சொன்ன முதல் பாடம் என்ன? ஊசியில் நூல் கோக்காமல், கோடு போட்ட தாளில் ஓட்டு, ஊசி கோட்டை விட்டு நகரக் கூடாது என்றேன். செய்தாயா இல்லையா? செய்திருந்தால் விளிம்பு மடிப்பு கடைசியில் இப்படிப் பாம்பு மாதிரி நெளியாது. வலது கை கைப்பிடியைச் சுற்றும்போது இடது கை துணியை இழுக்கக் கூடாது. வழி காட்டினால் போதும், அடியில் இருக்கும் பல் தானே நகர்த்திக்கொள்ளும். எங்கள் ஈயச் சுரங்க லம்பத்துப் பட்டறையில் போன மாதம் சேர்ந்தவன் கடைசல் எந்திரம் ஓட்டுகிறான். உனக்கு ஒரு கைப்பிடி சுற்ற வரவில்லை.

உன் தையல் எப்படி வருகிறது என்று உடையப்பன் தினமும் கேட்கிறான். அவன் தையல்கடை மாடியில்தான் நான் குடியிருக்கிறேன் என்பதை மறந்துவிடாதே. கல்யாணப் பேச்சு முடியும் முன்பே உன்னை நம்பி மெஷினைக் கொடுத்திருக்கிறான். சீர் வேண்டாம், நகை வேண்டாம், மெஷின் ஓட்டத் தெரிந்த பெண் போதும் என்கிறான். இப்படி ஒரு மாப்பிள்ளை பேராக் முழுக்கத் தேடினாலும் கிடைப்பானா?

அடுத்தது தலையணை உறை. நேர்த் தையல்தான். குழந்தைகூடத் தைக்கும்.

சதாசிவம்


சிலிம் ரிவர்
செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணனுக்குப் பாக்கியம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் விடாத மழை, பால்வெட்டு நின்றுவிட்டது. உங்கள் கடிதத்தைக் கண்டதும் அப்பா, "என்ன எழுதியிருக்கான்?" என்றார். "பாடம்" என்றேன். வேறென்ன சொல்வது?

தாளில் ஓட்டினேன் அண்ணே. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஆபீசிலிருந்து கழிவென்று அப்பா கொண்டுவந்த தாளெல்லாம் சல்லடையாகிவிட்டது. மெஷின் சத்தம் கேட்டால் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா, "எம் புள்ளைக்கு ஒரு சட்ட தச்சுக் குடு லா" என்கிறாள். அப்பா விரட்டுகிறார்: "அது மாப்பிள்ள வீட்டுச் சாமான். ஊசி ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது?"

அந்த மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்று என் விரலைத்தான் பார்த்தார். "இந்தக் கை ஒரு நாளைக்கு எத்தன சட்ட தள்ளும்?" என்று அப்பாவைக் கேட்டார். என் பெயரைக் கேட்கவில்லை. நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள்.

ஒன்று கேட்கிறேன். இந்தச் சம்பந்தம் கூடாமல் போனால் மெஷின் இங்கேயே இருக்குமா?

உங்கள் தங்கை
பாக்கியம்


ஈப்போ
செப்டம்பர் 18

பாக்கியத்துக்கு,

இதென்ன கேள்வி? சம்பந்தம் இல்லையென்றால் மெஷின் அடுத்த ரயிலில் ஈப்போ வந்துவிடும். அவன் என்ன தர்மத்துக்கா கொடுத்தான்? தையல்காரன் விரலைப் பார்க்காமல் வேறெதைப் பார்ப்பான்? பட்டறைக்கு ஆள் எடுத்தால் நானும் கையைத்தான் பார்ப்பேன்.

தலையணை உறை வந்த பொட்டலத்தை உடையப்பனே பிரித்தான். கடை ஆட்கள் முன்னால் அதைத் தூக்கிப் பிடித்து, "மச்சான், ஒங்க தங்கச்சி இத தலகாணிக்குத் தச்சாளா, சொரக்காய்க்குத் தச்சாளா?" என்றான். கடையே சிரித்தது. நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? பிறகு தனியே கூப்பிட்டுச் சொன்னான்: "அக்டோபர் ஒம்பதாந்தேதி நானே வாரேன். எங் கண்ணு முன்னால ஒரு ரவிக்க தைக்கட்டும். வந்துச்சுன்னா அன்னைக்கே வெத்தல பாக்கு மாத்திக்கலாம். வரலையா, மெஷினத் தூக்கிட்டு வந்துருவேன்."

அப்பா சம்மதித்து எழுதிவிட்டார். ரவிக்கைக்கு முன்னால் ஒரு சுருக்குப்பை தை. வாயை மடித்து, கயிறு ஓட இடம் விட்டு, இரண்டு வரி தையல். உடனே அனுப்பு. பட்டறை விலாசத்துக்கு அனுப்பு.

சதாசிவம்


சிலிம் ரிவர்
செப்டம்பர் 22

அண்ணனுக்கு,

பை இத்துடன் இருக்கிறது. வாய்ப்பக்கம் கோணிவிட்டது.

ஒன்பதாந்தேதியை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் சொன்னால், "அண்ணங்கிட்டச் சொல்லு" என்கிறார். அண்ணனிடம் சொன்னால் பாடம் வருகிறது.

பாக்கியம்


ஈப்போ
செப்டம்பர் 25

பாக்கியம்,

இரும்பில் விரிசல் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்து உன் பையைப் பார்த்தேன். கோணல் எதனால் வருகிறது என்று கண்டுபிடித்து உனக்குச் சொல்லித்தரத்தான் பார்த்தேன்.

கோணல் தையலுக்குப் பக்கத்தில் நூலில்லாத ஊசித் துளைகள் ஒரு வரிசை. அளவுகோல் வைத்தது போல் நேர். துளைக்குத் துளை ஒரே இடைவெளி. கைக்குட்டைகளை எடுத்துப் பார்த்தேன், அவற்றிலும் கடைசியில் அதே. உறையிலும் அதே. நேராகத் தைத்திருக்கிறாய். பிரித்திருக்கிறாய். மறுபடி வேண்டுமென்றே கோணலாகத் தைத்திருக்கிறாய்.

எத்தனை வாரமாக இந்த நாடகம்? கடையே சிரித்தபோது நான் மரம் மாதிரி நின்றேன், தெரியுமா? ஏன் என்று சுற்றி வளைக்காமல் எழுது. உடையப்பனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே வெற்றிலை வாங்கப் போய்விடுவான்.

சதாசிவம்


சிலிம் ரிவர்
செப்டம்பர் 29

அண்ணே,

ஆமாம், வேண்டுமென்றேதான்.

நன்றாகத் தைத்தால் அவர் வருவார். மோசமாகத் தைத்தால் மெஷின் போய்விடும். நடுவில் எத்தனை நாள் நிற்க முடியுமோ நின்றேன். அப்பா ஆபீஸ் போன பிறகு மாரியம்மா அக்கா மகளுக்குச் சட்டை தைத்தேன், கை வைத்து, கழுத்து வைத்து. ஒரு தையல் விலகவில்லை. உங்களிடம் காட்ட அவ்வளவு ஆசை. காட்டினால் தொலைந்தேன்.

எனக்கு மெஷின் பிடித்திருக்கிறது. அந்த மனுஷரைப் பிடிக்கவில்லை. அவர் கடைக்கு ஒரு கை வேண்டும். பெண்டாட்டியின் கை என்றால் சம்பளம் கேட்காது. துணியில் இருக்கிற துளையைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிற நீங்கள், அன்றைக்கு என் முகத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

அவர் முன்னால் உட்கார்ந்து கோணலாகத் தைக்க என்னால் ஆகாது. அவர் தையல்காரர், பொய் என்று கண்டுபிடித்துவிடுவார். நேராகத் தைத்தால் அன்றைக்கே முடிந்தது. நான் என்ன செய்யட்டும்? இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள்.

பாக்கியம்


ஈப்போ
அக்டோபர் 2

பாக்கியத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. இன்று காலை காப்பி குடிக்கும்போது உடையப்பனிடம் கேட்டேன்: "கல்யாணத்துக்கப்புறம் அவளுக்கு ஒடம்பு முடியாமப் போச்சுன்னா?"

"மெஷின் சும்மா கெடக்காது மச்சான். இன்னொரு ஆள ஒக்கார வச்சுக்கலாம் லா" என்றான். சொல்லிவிட்டு இன்னொரு காப்பி கேட்டான்.

அவனைக் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். அவன் பேச்சு இத்தனை நாளும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. இன்றைக்குப் படவில்லை. செய்யப்போவதைக் கீழே எழுதியிருக்கிறேன். பயப்படாதே.

அண்ணன்
சதாசிவம்

1. இன்று மத்தியானம் உடையப்பனிடம் பெண் கொடுப்பதற்கில்லை என்று சொல்வேன். உன் தையலைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

2. பெட்டியைக் கட்டிக்கொண்டு அவன் மாடியைக் காலி செய்வேன். பட்டறைக் கொட்டகையில் படுக்க இடம் கேட்டிருக்கிறேன்.

3. சனிக்கிழமை ரயிலில் அங்கே வருவேன். பேச்சு மாறியவன் என்ற பெயர் எனக்கு வரட்டும். அப்பா கத்துவார். நான் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

4. மெஷினை நானே தூக்கிவந்து அவனிடம் ஒப்படைப்பேன். அழாதே. அது அவனுடையது.

5. இங்கே சீனன் ஒருவனின் பழைய இரும்புக் கடையில் கைமெஷின் ஒன்று கிடக்கிறது. சக்கரம் உடைந்தது, பல் தேய்ந்தது. உனக்காக அதை வாங்கி, புதுச் சக்கரம் வார்ப்பேன், பல்லை அராவுவேன். பொங்கல்வரை ஆகும். ஓடுமா என்று கேட்டு எழுதாதே. ஓடும்.