ட்ரெய்னிங் எடுத்த பிள்ளை

என் ஆசை மச்சான் தவராசாவுக்கு,

ரோவில் புறநகரில் நம் வீட்டில் மூன்று நாள் நீடித்த ஆலோசனையின் முடிவில், ஐந்து கப் ரைஸ் குக்கருக்கு ஓய்வு கொடுத்து, அந்த இடத்தில் பத்து கப் குக்கர் ஒன்றை அமர்த்துவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவள் உன் மனைவி வசந்தி. வழிமொழிந்தவன் அவளுடைய அண்ணனான நான். உன் மகன் ஆரூரன் எட்டுக் கிலோ கூடவேண்டும் என்று எழுத்தில் வந்திருக்கிறது. எழுதியது யார் என்று சொல்கிறேன்.

நீ 2010 இல் கண்ணை மூடினாய். அடுத்த வருடம் அவன் அமெரிக்கன் ஃபுட்பால் விளையாடத் தொடங்கினான். இந்த நாட்டில் ஏற்கெனவே நாலு வகை ஃபுட்பால் இருக்கிறது, போதாமல் இது. குவார்ட்டர்பேக் என்று ஒருவன் பந்தை எறிய ஆள் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்கு முன்னால் அலுமாரி அளவில் ஐந்து பேர் காவல். அந்த அலுமாரிகளைச் சுற்றிப் போய், பந்து கையை விட்டுப் போகுமுன் அவனை விழுத்துவதுதான் ஆரூரனின் வேலை. இவ்வளவு தெளிவான உத்தியோகம் நம் குடும்பத்தில் வேறு யாருக்கும் வாய்த்ததில்லை.

போன மாதம் மாநில இளையோர் அணிக்குத் தெரிவு. ஒரேயொரு இடத்துக்கு ஏழு பிள்ளைகள். இரவிலும் ஃபுட்பால் ஹெல்மெட்டைக் கட்டில் தலைமாட்டில் வைத்துப் படுக்கிற பிள்ளை, அன்று காலை ஒன்றும் சாப்பிடவில்லை. வசந்திக்கு ஆஸ்பத்திரியில் வேலை. பாதுகாவலராக நான் போய், மைதானத்து ஓரத்தில் மடக்குக் கதிரையில் இருந்தேன்.

கோச்சின் கையில் பேனையும் படிவமும். ஆரூரனுக்கு எதிரே நூற்றிருபது கிலோப் பிள்ளை ஒன்றை நிறுத்தினார். முதல்தரம் அந்தப் பிள்ளை இவனைத் தூக்கிப் புல்லில் வைத்தது. இரண்டாம் தரமும் அதே இடத்தில் வைத்தது. மூன்றாம் தரம் இவன் வலத் தோளைப் பதித்து, அதன் முழங்கைக்குக் கீழால் புகுந்து, கண்மூடித் திறக்குமுன் மறுபக்கம் நின்றான். எனக்கு அந்தத் தோளைத் தெரியும். கோயில் அன்னதான வரிசையில் ஒருவரிடமும் பேச்சு வாங்காமல் நீ முன்னுக்குப் போகிற தோள். அதை இவன் எப்போது பார்த்து வைத்தான்?

கோச் நிறைய எழுதினார். பிறகு என்னிடம் வந்து, பிள்ளை ஏதாவது ட்ரெய்னிங் எடுத்திருக்கிறாரா என்று கேட்டார்.

மச்சான், படிவத்தோடு வந்த ஒருவர் என்னிடம் அந்தச் சொல்லைக் கடைசியாகச் சொன்னது அகதி விசாரணையில். நம்மவருக்கு ட்ரெய்னிங் என்றால் இயக்கத்தில் எடுத்த ஆயுதப் பயிற்சி; வேறு அர்த்தம் கிடையாது. கதிரையை விட்டு எழுந்து நின்றேன். இல்லவே இல்லை, இவன் மட்டுமல்ல, இந்தக் குடும்பத்தில் ஒருவரும் எடுக்கவில்லை என்று உறுதியாகச் சொன்னேன். வாரத்தில் மூன்று நாள் நானே ட்ரெய்னிங்குக்குக் கொண்டுபோய் இறக்குகிற பிள்ளையைப் பற்றி. அக்ரெஸிவான ஆளா என்றார். சாதுவான பிள்ளை, சண்டை சச்சரவுக்குப் போகாது என்றேன். அவர் பேனையை மூடினார்.

ஆரூரன் ஓடி வந்தான். "மாமா, இவர் இமிக்ரேஷன் இல்லை. கோச்."

அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் என்னவோ சொன்னான். திரும்பி வந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பேனையைத் திறந்தார்.

காரில் வீடு திரும்பினோம். சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டான்.

"அப்பாட்டையும் இப்பிடிக் கேட்டவங்களோ?"

"ஓம்."

"என்ன சொன்னவர்?"

"நான் சொன்னதைத்தான்."

"ட்ரூவோ, மாமா?"

விளக்கு பச்சையாகியது. காரை எடுத்தேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

இடம் அவனுக்குத்தான் கிடைத்தது. எட்டுக் கிலோ பற்றிய வரி கோச் அனுப்பிய தெரிவுக் கடிதத்தில்தான் இருக்கிறது; வசந்தி அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். கடிதத்தோடு வந்த படிவத்தில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? எல்லாப் பிள்ளைகளையும் போல அவனும் அப்பாவின் பெயரை எழுதினான். சட்டையின் முதுகில் அதைத்தான் அடிப்பார்களாம். கோயிலில் உபயகாரர் பெயர்களை மைக்கில் வாசிக்கும்போது உன்னுடையதை மட்டும் விட்டுவிடும்படி ஐயரிடம் சொல்லி வைத்தவன் நீ. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்த மட்சையும் தவறவிட மாட்டேன். எந்தப் படிவத்துக்கும் வாய் திறக்க மாட்டேன். ஆனால் அவன் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கிற அன்று, விளக்கு எந்த நிறத்தில் இருந்தாலும், காரை ஓரமாக நிறுத்திவிட்டு எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன்.

சனிக்கிழமை முதல் மட்ச். குவார்ட்டர்பேக்கை மூன்று தரம் விழுத்தினான். மூன்று தரமும் ஒலிபெருக்கியில் தவராசா என்று சொன்னார்கள்.

உன் பிள்ளைக்கு மாமன்,
குணம்